மின்சாரம் தொடாத துணி

"மின்சாரம் தொடாத துணி" என்று அந்த அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள். ஆம்பூரில் தைத்த நீல நிற ஷூவின் கயிறு கோக்கும் துளையில் கட்டித் தொங்கவிட்ட அட்டை. ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தமிழ். வெளிநாட்டுக்குப் போகும் ஷூவுக்குத் தமிழ் எதற்கு என்று ஷூ கம்பெனியில் கேட்டேன். எழுத்து பார்க்க அழகாக இருக்கிறதாம், அங்கே யாரும் படிக்கப் போவதில்லையாம். நான் படித்தேன். என் தங்கை அமிர்தவள்ளியும் படித்தாள். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையில் பிடித்துக்கொண்டு இரண்டு முறை படித்தாள். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அட்டையைச் சுக்குநூறாகக் கிழித்திருக்க வேண்டும். கிழிக்கவில்லை. மாதிரிக்கு வந்தது, திருப்பித் தர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த அளவுக்குத்தான் என் வீரம்.

அந்தத் துணி நெய்தது குடியாத்தத்தில், என் ஷெட்டில். ஆறு விசைத்தறி. ஆறுக்கும் மோட்டார் உண்டு, ஒயர் உண்டு, மாதாமாதம் கரண்ட் பில் உண்டு. தறி ஓடினால் தெருக்கோடி வரை கேட்கும். அதை மின்சாரம் தொடவில்லையாம். அமிர்தவள்ளியின் வலது கையில் இரண்டு விரலைத் தொட்டு எடுத்துக்கொண்டு போனதே, அது என்ன?

போன மாசி மாதம் ஆம்பூரிலிருந்து இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். ஒருவர் முஸம்மில், ஷூ கம்பெனி முதலாளியின் மகன். முப்பது வயது இருக்கும். வெளிநாட்டில் ஷூ படிப்பு படித்துவிட்டு வந்தவர், நல்ல மரியாதைக்காரர். இன்னொருவர் செந்தில்குமார். ஆர்டர் பிடிப்பது, அட்டையில் என்ன எழுதுவது, வெள்ளைக்காரர்களிடம் என்ன பேசுவது எல்லாம் அவர் வேலை. முஸம்மில் பேசும்போது நம் முகத்தைப் பார்ப்பார். செந்தில்குமார் போனைப் பார்ப்பார்.

தோல் ஷூவுக்கு ஆர்டர் குறைகிறது, தோலே வேண்டாம் என்கிறவர்கள் பெருகிவிட்டார்கள், அதனால் மேல்பக்கத்தை ஹெம்ப் டெனிமில் செய்யப் போகிறோம் என்றார் முஸம்மில். ஹெம்ப் என்றால் என்ன என்று கேட்டேன். கஞ்சாச் செடியின் சாதிதான், ஆனால் போதை இல்லாத வகை, தண்டிலிருந்து நார் எடுப்பார்கள் என்றார். என் ஷெட்டில் ஒரே சிரிப்பு. அன்றிலிருந்து எங்கள் தெருவில் அதற்குக் கஞ்சாத் துணி என்றே பெயர்.

அவர் சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து படம் படமாகக் காட்டினார். பழைய காலத்துப் பாய்மரக் கப்பலின் பாயும் கயிறும் இந்த நார்தானாம். உப்புத் தண்ணீரில் ஊறினாலும் அழுகாது. இத்தாலியில் ஜெனோவா என்ற துறைமுகத்தின் பெயர்தான், அங்கே மாலுமிகள் போட்ட முரட்டுக் கால்சட்டைக்கு ஜீன் என்று ஆனதாம். பிரான்சில் நீம் என்ற ஊரின் பெயர் டெனிம் ஆனதாம். நம்முடைய பம்பாய்ப் பக்கத்து டோங்ரியில் விற்ற முரட்டுத் துணிதான் டங்கரி. அப்புறம் பருத்தி மலிந்தது, கஞ்சாவுக்குத் தடை வந்தபோது இந்தச் செடியையும் சேர்த்துத் துரத்திவிட்டார்கள். இப்போது தண்ணீர் குறைவாகக் குடிக்கிற பயிர், பூச்சிமருந்து வேண்டாத பயிர் என்று திரும்பவும் கூப்பிடுகிறார்கள். அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பிடித்துத்தான் போனது. பொய் சொல்லக் கூடாது. எங்கள் ஊர் லுங்கியும் கப்பலேறிப் போனதுதான். ஒரு துணிக்கு இவ்வளவு வரலாறு இருக்கும்போது அதில் குடியாத்தம் ராஜகோபாலுக்கும் ஒரு வரி கிடைக்கட்டுமே என்று நினைத்தேன்.

கையெழுத்து என்று ஒரு காகிதம் நீட்டினார் செந்தில்குமார். "இத்துணி முழுவதும் கைத்தறியில் நெய்யப்படும்" என்று அதில் இருந்தது. நாலாயிரம் மீட்டர், வைகாசி முடிவதற்குள். கைத்தறியில் இந்த நூலை ஒரு நாளைக்கு மூன்று மீட்டர் நெய்தால் பெரிது. நாலாயிரத்தை மூன்றால் வகுக்கத் தெரியாதவர் யாரும் அங்கே இல்லை. பக்கத்தில் ஆறு விசைத்தறி தடதட என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்தில் செந்தில்குமார் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கத்திக்கொண்டே, "இங்க கைத்தறின்னு போட்டிருக்கு பாருங்க, அதுக்குக் கீழ ஒரு கையெழுத்து" என்றார்.

போட்டேன். எங்கள் தெருவில் அது ஒரு பழக்கம். விசைத்தறியில் நெய்து, மடித்து, ஓரத்தில் கைத்தறி முத்திரை குத்துவதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. லுங்கிக்குக் கஞ்சி போடுவது மாதிரி அதுவும் ஒரு வேலை. அப்பா குத்தினார், நான் குத்துகிறேன். பேனாவைக் கையில் வாங்கும்போது எனக்கு நெஞ்சு ஒரு துளி உறுத்தவில்லை. அதை நினைத்தால் இப்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பங்குனியில் நூல் வந்தது. நீளவாட்டில் ஓடும் பாவுக்கு நீலம் தோய்த்தது, குறுக்கே ஓடும் ஊடைக்குச் சாயம் போடாதது. தொட்டால் கம்பி மாதிரி விறைப்பு. தறியில் ஏற்றியதும் படபடவென்று அறுந்தது. பத்து அங்குலம் ஓடினால் நாலு இழை போய்விடும். தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டினால் பக்கத்து இழை போகும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஊரில் கிண்டல் செய்தார்கள். முப்பது வருஷமாகத் தறி ஓட்டுகிறவனை! வேலூர் ஜில்லா வெயில் சங்கதி எல்லோருக்கும் தெரியும். தகர ஷெட்டுக்குள் பங்குனியிலேயே காற்று அடுப்படி மாதிரி இருந்தது. அந்த வறட்சியில் இந்த நார் நொறுங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

செந்தில்குமாருக்குப் போன் செய்து நூல் ஓடவில்லை, நாள் வேண்டும் என்றேன். நாள் கிடையாது, எப்படியாவது முடியுங்கள் என்றார். எப்படியாவது என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவனை நிற்க வைத்துக் கேட்க வேண்டும்.

தண்ணீர் யோசனை என்னுடையது. யாரும் சொல்லித் தரவில்லை. தார்க்குச்சியில் சுற்றிய ஊடை நூலை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு ஈரத்தோடு, பாவுக்குள் குறுக்கே பாயும் நாடாவில் போட்டேன். பாவுக்கு மேலே கோணிச் சாக்கை நனைத்துக் கட்டினேன். தரையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தேங்க விட்டேன். ஷெட்டுக்குள் ஈரக்காற்று நின்றதும் நூல் அறுவது நின்றது. தறி ஓடியது பாருங்கள், வெண்ணெய் மாதிரி. அன்றைக்கு நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். பக்கத்து ஷெட்டுக்காரர்கள் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டு அவர்களும் ஆர்டரில் பங்கு கேட்டார்கள். கொடுத்தேன்.

அமிர்தவள்ளிக்கு வேலை, தார் சுற்றி ஊறப்போட்டு ஆறு தறிக்கும் எடுத்துக் கொடுப்பது. முப்பத்தொன்பது வயது. புருஷன் பெங்களூருக்குப் போனவன் போனவன்தான். பத்து வருஷமாக என் வீட்டில் இருக்கிறாள், என் ஷெட்டில் உழைக்கிறாள். நாள் முழுக்க வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் நின்றாள். பாவிலிருந்து சாயம் சொட்டிச் சொட்டித் தண்ணீர் நீலமாகிவிட்டது. அவள் குதிகால் நீலமாகிவிட்டது. ஒரு நாள், "ண்ணா, மூணாந்தறி மோட்டார் பக்கம் போனா காலு சுருசுருங்குது" என்றாள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறேன் என்றேன். எலக்ட்ரீஷியன் வந்தால் ஷெட்டை அரை நாள் நிறுத்த வேண்டும். நாலாயிரம் மீட்டரில் இன்னும் பாதிகூட ஆகவில்லை. ரப்பர் செருப்பு போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு விட்டேன்.

செருப்பு போட்டுக்கொண்டாள். வழுக்கியது. சித்திரை இருபதாம் தேதி, பகல் பதினொரு மணிக்கு, கையில் ஈரத் தாரோடு வழுக்கி விழப்போனவள் மூன்றாம் தறியின் மோட்டாரைப் பிடித்தாள். பிடித்த கையை விட முடியவில்லை. மெயினை அணைத்தது நான்தான். அதற்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கருகிவிட்டன.

வேலூர் ஆஸ்பத்திரியில், அமிர்தவள்ளி மயக்கம் போலக் கிடந்த கட்டிலின் பக்கத்தில் நின்று ஒரு டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். அங்கே ஒரு பையன் எழுதிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறந்ததும் என் நினைவுக்கு வந்தது அந்தக் காகிதம். கைத்தறி. கைத்தறி ஷெட்டில் மோட்டார் ஏது? போதாததற்கு ஊரில் மூன்று பேருக்கு ஆர்டரில் பங்கு கொடுத்திருக்கிறேன். "வீட்ல தண்ணி மோட்டார் சார்" என்றேன். பையன் எழுதிக்கொண்டான். வீட்டில் பிறகு அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு என் மனைவி மனோரமா கேட்டபோது, ஆஸ்பத்திரிக்காரன் தப்பாக எழுதிவிட்டான் என்று சொன்னேன். அமிர்தவள்ளி பக்கத்தில்தான் படுத்திருந்தாள்.

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அது போனது போனதுதான். இப்போது கவலை கட்டைவிரல். வெந்த தோல் ஆறும்போது இழுத்துக்கொண்டு, கட்டைவிரல் உள்ளங்கையோடு ஒட்டிவிட்டது. தொடைத் தோலை எடுத்து ஒட்டி இன்னொரு ஆபரேஷன் செய்தால் விரல் விலகும், தீபாவளிக்குள் செய்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் மூட்டு இறுகிவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். முதல் ஆபரேஷனிலேயே என் கையிலிருந்தது தீர்ந்துவிட்டது. ஷூ கம்பெனியின் விபத்துக் காப்பீட்டில் வெளியே நெய்து கொடுப்பவர்களும் சேர்த்தி என்று தெரியவந்தது. எங்கள் வேலை செய்யும்போது அடிபட்டவர் என்று கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தால் போதும். ஒரு வரிக் கடிதம்.

அந்த ஒரு வரிக்காக ஆம்பூருக்கு ஐந்து முறை பஸ் ஏறினேன். நாலு முறை முதலாளி இல்லை. ஐந்தாம் முறை முஸம்மிலும் செந்தில்குமாரும் இருந்தார்கள். டீ வந்தது. அமிர்தவள்ளிக்கு எப்படி இருக்கிறது என்று முஸம்மில் உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். கடிதம் என்றதும் தலையைக் குனிந்துகொண்டார். செந்தில்குமார் எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே ராஜகோபால் சார்? கைத்தறின்னு நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்க. கைத்தறில மோட்டார் எங்கேர்ந்து வந்துது?"

"என் ஷெட்ல நின்னு கத்திக்கினு கையெழுத்து வாங்கினியே, அப்போ காதுல இன்னா விழுந்துது?" என்றேன். சார் எல்லாம் போய்விட்டது.

கைத்தறி என்று நம்பித்தான் கம்பெனி அட்டை அடித்திருக்கிறது, நான்தான் ஏமாற்றினேன் என்று ஆகும், ஆஸ்பத்திரியில் விசாரித்ததில் சீட்டிலும் வீட்டு மோட்டார் என்று இருக்கிறதாமே என்று அவர் நிதானமாகச் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கூட்டாக நின்றவர்கள், இலையைத் தூக்கியதும் பூசணிக்காயா, அது என்ன என்று கேட்கிறார்கள். முஸம்மில் என் ஷெட்டுக்கு மூன்று முறை வந்தவர். ஈரத் தரையில் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நடந்தவர். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செந்தில்குமாரை விட எனக்கு அவர் மேல்தான் அதிகக் கோபம். வரலாறு தெரிந்த மனிதன் கண்ணெதிரே நடந்ததைத் தெரியாது என்று சொல்லக் கூடாது.

கிளம்பும்போது செந்தில்குமார் படிக்கட்டு வரை வந்தார். ஆவணியில் வாங்குகிறவர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள், ஒரு கைத்தறியில் உட்கார்ந்து நெய்து காட்டினால் போதும், அது நல்லபடியாக முடிந்தால் கடிதத்துக்கு ஏதாவது வழி பார்க்கலாம் என்றார். சரி என்றேன். கேட்டுக்கொள்ளுங்கள், சரி என்றேன்.

எங்கள் தெருவில் கைத்தறி மிச்சமிருப்பது ஷெட்டுக்கு எதிரே இருக்கும் வள்ளியம்மாள் வீட்டில்தான். அந்தத் தறியில் எங்கள் நீலப் பாவை ஏற்றினோம். தரையைப் பெருக்கி, கோலம் போட்டு, ஈரம் ஒரு சொட்டு இல்லாமல் காயவிட்டார்கள். செந்தில்குமார் எனக்கு வெள்ளை வேட்டி வாங்கி வந்தார். நான் தறியில் உட்காரும்போது லுங்கிதான் கட்டுவேன் என்றேன். போட்டோவுக்கு வேட்டிதான் நன்றாக இருக்கும் என்றார். கட்டிக்கொண்டேன். அமிர்தவள்ளியை ஷெட்டிலேயே இருக்கச் சொல்லும்படி அவர் என்னிடம் சொன்னார். நான் போய் அவளிடம் சொன்னேன். யாராவது வந்தால் கையை முந்தானையில் மூடிக்கொள் என்றும் சேர்த்துச் சொன்னேன். அதை அவர் சொல்லச் சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு.

வந்தது ஒரு வெள்ளைக்கார அம்மா. அறுபது வயது இருக்கும், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். கூட முஸம்மிலும், அவருடைய தங்கை இஃப்ராவும். அந்த அம்மா பேசுவதைத் தமிழில் சொல்ல இஃப்ராவைக் கூட்டி வந்திருந்தார்கள். கல்லூரி முடித்து அந்த வருஷம்தான் கம்பெனிக்கு வர ஆரம்பித்த பெண்.

நான் நெய்தேன். போட்டோ எடுத்தார்கள். அந்த அம்மா துணியைத் தொட்டுப் பார்த்தார், பாவைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து நிறையப் பேசினார். இஃப்ரா சொன்னாள். இவருடைய ஊரில் முன்பு ஹெம்ப் நெய்தவர்கள் இருந்தார்களாம். இவருடைய தாத்தாவின் அப்பாவும் அதே வேலைதானாம். அவர்கள் எல்லோரும் தரைக்குக் கீழே, நிலவறையில் உட்கார்ந்துதான் நெய்வார்களாம். மேலே காய்ந்த காற்றில் நூல் அறுந்துவிடும், கீழே ஈரம் இருக்கும். அந்தத் தாத்தாவின் அப்பா வெயில் படாமல், ஓதத்திலேயே உட்கார்ந்து இருமி இருமி, முட்டி மடங்கிப்போய் நாற்பது வயதில் செத்துப்போனாராம். இங்கே இந்த வெயிலில் தரை இவ்வளவு காய்ந்து கிடக்கிறதே, நூல் எப்படி அறுபடாமல் வருகிறது என்று கேட்கிறார்.

முஸம்மில் காட்டிய படங்களில் கப்பல் இருந்தது, மாலுமி இருந்தான், துறைமுகம் இருந்தது. நிலவறை இல்லை. ஓதத்தில் உட்கார்ந்திருந்த ஒருவன்கூட இல்லை. எல்லா ஊரிலும் வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஈரத்தில் நிற்பவர்கள் கண்ணில் படமாட்டார்கள் போலிருக்கிறது.

தலைமுறை தலைமுறையாக வந்த கைவாகு என்று செந்தில்குமார் இங்கிலீஷில் சொன்னார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் தறியில் இரண்டு இழை சேர்ந்தாற்போல் அறுந்தது.

நான் முடிச்சுப் போடக் குனிந்தேன். எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுந்த இரண்டு முனையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, ஒரு முனையை வளைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, நுழைத்து இழுக்க வேண்டும். கண் இமைக்கும் நேரத்து வேலை. நெசவுக்காரர் வீட்டில் ஐந்து வயதில் கற்றுக்கொடுப்பார்கள். அமிர்தவள்ளி எங்கள் வீட்டிலேயே வேகமாகப் போடுவாள், அப்பாவை விட வேகம். கட்டைவிரல் இல்லாமல் இந்த முடிச்சைப் போட முடியாது. நான் அதைத் தெரிந்துகொள்ள அந்த ஆவணி மாதம் வரை ஆகியிருக்கிறது. முனைகளைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு விட்டுவிட்டு எழுந்தேன்.

இஃப்ராவிடம் சொன்னேன். "இது பொய்ம்மா. இவங்க இன்னிக்கிப் பாக்கறதுக்காகப் போட்ட தறி இது. துணி நெய்ஞ்ச எடம் எதிர்ல இருக்குது, வரச் சொல்லு."

சொல்லாதே என்று செந்தில்குமார் இஃப்ராவைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார். அவள் அந்த அம்மாவிடம் திரும்பி ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

ஷெட்டுக்குக் கூட்டிப்போனேன். தவணை தாண்டியும் முடியாத மிச்சத் துணிக்காக அன்றைக்கும் தண்ணீர் கட்டியிருந்தது. நீலத் தண்ணீர். ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. நான் நிறுத்தச் சொல்லவில்லை, அந்தச் சத்தத்தைக் கேட்கட்டும் என்று விட்டேன். அமிர்தவள்ளி தார் சுற்றும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக் கையை மூடினாள். நான் போய் அந்த முந்தானையை எடுத்துவிட்டேன்.

என்னவெல்லாம் கத்தினேன் என்று முழுக்க நினைவில்லை. மோட்டாரைக் காட்டினேன். அவள் கையைக் காட்டினேன். அட்டையில் எழுதியதைச் சொன்னேன். ஒரு வரிக் கடிதத்துக்கு ஐந்து முறை பஸ் ஏறியதைச் சொன்னேன். நாலாயிரம் மீட்டரை மூன்று மாதத்தில் கையால் நெய்ய முடியுமா என்று இந்த அம்மாவுக்கும் கணக்குத் தெரியாதா என்று அவரையும் சேர்த்துக் கேட்டேன். இஃப்ரா அதையும் சொன்னாள். அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. பிறகு அமிர்தவள்ளியின் கால்களைப் பார்த்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தரையில் தண்ணீர் விடச் சொன்னது யார்?" என்று கேட்கிறார் என்றாள் இஃப்ரா.

செந்தில்குமார் அவசரமாக, கம்பெனி அப்படி எதுவும் சொல்லவில்லை என்றார். அந்த ஆள் அன்றைக்குச் சொன்ன ஒரே உண்மை அதுதான். எப்படியாவது முடியுங்கள் என்று சொன்னது நீ என்று அவர் சட்டையைப் பிடித்திருக்கலாம், அதுவும் பொய்யில்லை. வாய் வரை வந்தது. அமிர்தவள்ளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றேன். "காலு சுருசுருங்குதுன்னு சொன்னா. நான்தான் ஷெட்ட நிறுத்தல."

அதையும் இஃப்ரா சொன்னாள்.

அந்த அம்மா முஸம்மிலைத் தனியே கூட்டிப்போய்ப் பேசினார். கடிதம் கொடுக்காமல் ஒரு ஜோடி ஷூ கூடக் கப்பலேறாது, அட்டை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். முஸம்மில் தார் மெஷின் மேஜை மேல் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். விசைத்தறியில், எங்கள் துணி நெய்யும்போது அடிபட்டவர். எழுதும்போது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஏ.சி. அறையில் கலங்கியிருக்க வேண்டிய கண் அது. அந்த அம்மாவும் ஒன்றும் தெய்வமில்லை. அடுத்த வருஷத்து ஆர்டர் இங்கே கிடையாது, விசைத்தறித் துணியை அவருடைய ஊரில் அந்த விலைக்கு வாங்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார். செந்தில்குமார் என் பக்கத்தில் வந்து, நாலு ஷெட்டு வயிற்றில் மண்ணைப் போட்டுவிட்டீர்கள் என்றார். தெருவே வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கும் என் மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும்.

தறிகளை நிறுத்திவிட்டு ஆட்களை அனுப்பிவிட்டேன். ஷெட்டில் நானும் அமிர்தவள்ளியும்தான். கடிதத்தை அவளிடம் நீட்டினேன். ஏதோ சாதித்துவிட்ட மாதிரி நீட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். இடது கையால் வாங்கி, நிதானமாகப் படித்தாள்.

"இது மட்டும் பத்தாதுண்ணா" என்றாள். "ஆஸ்பத்திரி சீட்டுல வீட்டு மோட்டார்னு இருக்குது. ரெண்டும் வேற வேறயா இருந்தா இன்சூரன்ஸ்ல கேப்பாங்க."

"நாளைக்கே போய் மாத்திடலாம்" என்றேன். "அந்தப் பையன் தப்பா எழுதினது. திருத்திக் குடுக்கச் சொல்லிக் கேக்கறேன்."

அவள் கடிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பையன் மேல இன்னா தப்பு?" என்றாள். "நீ சொன்னததானே எழுதினான். நான் அன்னிக்கி மயக்கத்துல இல்லண்ணா. கண்ண மூடிக்கினு கேட்டுக்கினுதான் இருந்தேன்."

ஈரத் தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வெளியே போனாள். நான் மூன்றாம் தறியின் பக்கத்தில் நின்றேன். அதற்கப்புறம் கோபப்பட எனக்கு அங்கே வேறு ஆள் யாரும் இல்லை.